வழக்கின் தடத்தில் குற்றவியல் சட்டம் படிப்பது எப்படி?

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள மூன்று குற்றவியல் சட்டங்களிலும் சேர்த்து 1,059 பிரிவுகள் இருக்கின்றன. குற்றங்களையும் தண்டனைகளையும் சொல்லும் பாரதிய நியாய சன்ஹிதாவில் (பி.என்.எஸ்.) 358, நடைமுறையைச் சொல்லும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் (பி.என்.எஸ்.எஸ்.) 531, சாட்சியத்துக்கான பாரதிய சாக்ஷிய அதினியத்தில் (பி.எஸ்.ஏ.) 170. முதல் பிரிவிலிருந்து வரிசையாக மனப்பாடம் செய்கிறவர் பாதி வழியில் சோர்ந்துபோவார். சோராமல் முடித்தாலும், நிலையத்துக்கு ஒரு புகார் வரும்போது எந்தப் பக்கத்தைப் புரட்டுவது என்று தெரியாமல் நிற்பார்.

காவல் பணிக்காகச் சட்டம் படிப்பவர் ஒரு வழக்கு போகும் பாதையிலேயே படிக்க வேண்டும்: புகார், எஃப்.ஐ.ஆர்., சம்பவ இடம், சாட்சிகள், கைது, ரிமாண்ட், குற்றப்பத்திரிகை, சாட்சிக் கூண்டு. அந்தக் கடைசி இடத்திலிருந்துதான் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். நீங்கள் எழுதும் ஒவ்வொரு தாளையும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒருநாள் கையில் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பார். எத்தனை மணிக்கு எழுதினீர்கள், யார் உடன் இருந்தார்கள், இது ஏன் நீதிமன்றத்துக்குத் தாமதமாக வந்தது? அந்தக் கேள்விகளை மனதில் வைத்துப் படித்தால், ஒரு பிரிவு ஏன் அப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பது தானாகப் புரியும்.

தமிழ்நாட்டில் துறை ஒதுக்கீட்டில் உதவி ஆய்வாளர் தேர்வு எழுதும் காவலர்களுக்கு எழுத்துத் தேர்விலேயே சட்டம் வருகிறது. நேரடியாகத் தேர்வாகிறவர்கள் வண்டலூரை அடுத்த ஊனமாஞ்சேரியில் உள்ள காவல்துறை உயர் பயிற்சியகத்தில்தான் சட்டத்தை முழுமையாகச் சந்திக்கிறார்கள். இரு சாராருக்கும் கீழே சொல்லும் முறை பொருந்தும். நாளுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் ஆறு மாதம் பிடிக்கும்.

முதலில் என்ன வாங்குவது

மூன்று சட்டங்களின் மூல நூல், அதாவது பேர் ஆக்ட். கைடு புத்தகம் பிறகு. கைடுகளில் பிரிவின் சாரம் இருக்கும். சட்டத்தின் சொல் இருக்காது. ஆனால் வழக்கில் தீர்மானிப்பது சொல்தான். மூன்று சட்டங்களையும் அரசின் இந்தியா கோட் இணையதளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பழைய பிரிவுக்குப் புதிய பிரிவு எது என்று பார்க்க, தேசிய குற்ற ஆவணக் காப்பகம் வெளியிட்ட சங்கலன் செயலி போதும்.

பழைய எண்களையும் விட்டுவிட முடியாது. 2024 ஜூலை 1க்கு முன் நடந்த குற்றத்துக்கு இன்றைக்கு எஃப்.ஐ.ஆர். போட்டாலும், குற்றப் பிரிவு பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில்தான் வரும். விசாரணை நடைமுறை மட்டும் பி.என்.எஸ்.எஸ்.படி நடக்கும். எனவே எந்தப் புகாரிலும் முதலில் தேட வேண்டியது சம்பவ தேதி. இதில் சறுக்கினால் பிரிவே தவறாகிவிடும். எண்கள் குழப்புவதற்கு ஓர் உதாரணம்: பழைய 302 கொலை. புதிய 302, மத உணர்வைப் புண்படுத்தும் சொற்களைப் பற்றியது. கொலைக்குத் தண்டனை இப்போது 103(1).

இந்தப் பட்டியலைக் கையாலேயே ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்: 307க்கு 109, 379க்கு 303(2), 420க்கு 318(4), 498ஏவுக்கு 85, 304ஏவுக்கு 106(1). நடைமுறைச் சட்டத்தில் 154க்கு 173, 161க்கு 180, 164க்கு 183, 41ஏவுக்கு 35(3), 167க்கு 187, 173க்கு 193, 174க்கு 194. சாட்சியச் சட்டத்தில் 27க்கு 23இன் வரம்புரை, 32க்கு 26, 65பிக்கு 63. ஆனால் எண்தான் மாறியது, உள்ளடக்கம் அப்படியே இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. திருட்டு முன்பு எவ்வளவு சிறிய தொகையானாலும் காக்னிசபிள் குற்றம், அதாவது பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றம். இப்போது 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருள், முதல்முறைக் குற்றவாளி, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டார் என்றால் தண்டனை சமூக சேவை. பி.என்.எஸ்.எஸ்.இன் முதல் அட்டவணை அதைக் காக்னிசபிள் அல்லாத, பிணையில் விடத்தக்க குற்றமாக வைத்திருக்கிறது. வழிப்பறியாகவும் திருட்டாகவும் பதிவாகிவந்த செயின் பறிப்புக்கு இப்போது தனிப் பிரிவு 304. விபத்து நடந்த இடத்திலிருந்து தப்பி ஓடும் ஓட்டுநருக்கான 106(2), மற்றப் பிரிவுகளோடு 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. எண்ணை மாற்றி எழுதப் பழகுகிறவர் இவற்றில்தான் தடுமாறுவார்.

குற்றத்தைக் கூறு கூறாகப் பிரிப்பது

பி.என்.எஸ்.இல் ஏறத்தாழ 60 பிரிவுகளை மட்டும் ஆழமாகப் படியுங்கள்: உடல் காயங்கள், கொலை, பெண்கள் மீதான குற்றங்கள், சொத்துக் குற்றங்கள், ஏமாற்று, மிரட்டல், சட்டவிரோதக் கூட்டம், கூட்டுச்சதி, பொது எண்ணம். மீதியைத் தேவைப்படும்போது எடுத்துப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

ஆழமாகப் படிப்பது என்றால் ஒவ்வொரு குற்றத்தையும் நிரூபிக்க வேண்டிய கூறுகளாக உடைப்பது. திருட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அசையும் பொருளாக இருக்க வேண்டும். ஒருவரின் வசத்தில் இருந்திருக்க வேண்டும். அவர் சம்மதம் இல்லாமல் இருக்க வேண்டும். நேர்மையற்ற எண்ணம் வேண்டும். எடுப்பதற்காகப் பொருள் நகர்த்தப்பட்டிருக்க வேண்டும். இரண்டாவது கூறைக் கவனியுங்கள். சட்டம் கேட்பது வசம், உரிமை அல்ல. அதனால்தான் பழுது பார்த்த கூலிக்காகக் கடைக்காரர் நியாயமாகப் பிடித்து வைத்திருக்கும் தன் சொந்தக் கைக்கடிகாரத்தை நேர்மையற்ற எண்ணத்தோடு எடுத்துப் போகிறவரும் திருடராகிறார். இது சட்டத்தின் விளக்க உதாரணங்களிலேயே இருக்கிறது. அந்த உதாரணங்களைப் படிக்காமல் தாண்டிப் போகாதீர்கள். பிரிவை விட அவைதான் நன்றாகக் கற்றுக்கொடுக்கும்.

நோட்டில் ஒரு பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் கூறுகளையும் வலப்பக்கம் ஒவ்வொரு கூறையும் எதைக் கொண்டு நிரூபிப்பது என்பதையும் எழுதுங்கள். வசத்தில் இருந்தது என்பதற்குப் பில், சி.சி.டி.வி., உடன் இருந்தவர். சம்மதம் இல்லை என்பதற்குப் பொருளை இழந்தவரின் வாக்குமூலம். வலப்பக்கம் ஏதாவது ஒரு வரி காலியாக இருந்தால் அந்த வழக்கு அங்கேதான் உடையும். 60 பிரிவுகளுக்கும் இப்படிப் போட்டு முடிக்க இரண்டு மாதம் ஆகும். இந்த நோட்டுதான் பிற்காலத்தில் உங்கள் விசாரணைத் திட்டமாக ஆகப்போகிறது, எனவே அவசரப்படாதீர்கள்.

புகாரும் எஃப்.ஐ.ஆரும்

காக்னிசபிள் குற்றம் நடந்ததாகப் புகார் சொன்னால் எஃப்.ஐ.ஆர். பதிந்தே ஆக வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 2013இல் லலிதா குமாரி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வில் உறுதிசெய்தது. சி.எஸ்.ஆர். ரசீது (புகார் பெற்றதற்கான ஒப்புகை) கொடுத்து அனுப்புவது எஃப்.ஐ.ஆருக்கு மாற்று ஆகாது. பி.என்.எஸ்.எஸ். பிரிவு 173 புதிதாகச் சேர்த்தவை மூன்று. சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரைப் பதிய வேண்டும் (ஜீரோ எஃப்.ஐ.ஆர்.). மின்னஞ்சல் போன்ற மின்னணு வழியில் வந்த தகவலில், தந்தவர் மூன்று நாளுக்குள் கையெழுத்திட வேண்டும். மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம். இந்த மூன்றாவது, புகாரைத் தள்ளிப்போட ஒரு வசதி அல்ல; முகாந்திரம் இருக்கிறதா என்று பார்க்க மட்டுமே. எஃப்.ஐ.ஆர். நகலைப் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ உடனே, கட்டணமின்றித் தர வேண்டும்.

நீதிமன்றத்தில் எஃப்.ஐ.ஆர். தோற்பது பெரும்பாலும் நேரத்தில். சம்பவம் நடந்த நேரம், புகார் வந்த நேரம், பதிந்த நேரம், நீதித்துறை நடுவர் கைக்குக் கிடைத்த நேரம் ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். இடையில் பல மணி நேரம் காரணமின்றிக் கரைந்திருந்தால், கலந்து பேசிப் பெயர்களைச் சேர்த்திருக்கிறார்கள் என்ற வாதம் வரும். தாமதம் குற்றமல்ல, விளக்கப்படாத தாமதம்தான் ஆபத்து. காயமடைந்தவரை முதலில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம் என்றால் அதைப் புகாரிலேயே எழுதிவாங்குங்கள்.

சம்பவ இடம்

பயிற்சியில் இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். ஒரு கொலை நடந்த இடத்தில் பார்வை மகஜரும் (அங்கே கண்டதைச் சாட்சிகள் முன்னிலையில் எழுதும் பதிவு) மாதிரி வரைபடமும் தயாராகும். இரண்டையும் வீட்டிலேயே பழகலாம். 30 மீட்டர் டேப் ஒன்றை எடுத்துக்கொண்டு ஓர் அறையையோ தெருமுனையையோ அளந்து வரையுங்கள். வடக்குக் குறி, தெருவிளக்கு, நுழைவாயில்கள் கட்டாயம். ஒரு பொருளின் இடத்தைக் குறிக்க, நகராத இரண்டு புள்ளிகளிலிருந்து (சுவர் மூலை, மின்கம்பம் போல) தூரம் எழுதுங்கள். ஒரே புள்ளியிலிருந்து அளந்தால் பொருள் எந்தத் திசையில் கிடந்தது என்று பிறகு சொல்ல முடியாது. இரவுச் சம்பவமானால் வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்பதைக் குறிக்கத் தவறாதீர்கள். நேரில் பார்த்த சாட்சி குற்றவாளியை அடையாளம் கண்டாரா என்ற கேள்வி அந்த ஒரு விளக்கில் போய் நிற்கும்.

தடயங்களை எடுக்கும்போது ஈரமான இரத்தக் கறை உள்ள துணியைப் பிளாஸ்டிக் பையில் போடாதீர்கள். உள்ளே ஈரம் தங்கிப் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளர்ந்து டி.என்.ஏ.வைச் சிதைத்துவிடும். நிழலில் காயவைத்துத் தாளில் மடித்துக் காகித உறையில் வையுங்கள். ஒரு பொருளுக்கு ஓர் உறை. இரத்தம் படிந்த மண் எடுத்தால், பக்கத்தில் இரத்தம் படியாத சாதாரண மண்ணையும் தனியாக எடுங்கள்; ஒப்பிட அது வேண்டும். ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்கிறது 176(3). இதை நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு ஐந்து ஆண்டு வரை அவகாசம் தரப்பட்டிருக்கிறது.

சோதனையும் கைப்பற்றலும் இப்போது 105ஆம் பிரிவின்படி ஒலி, ஒளிப்பதிவு செய்யப்பட வேண்டும்; கைபேசியே போதும். இதற்காகவே ஈ-சாட்சியா செயலி இருக்கிறது. பொருளைக் கண்டெடுக்கும் காட்சி மட்டும் பதிவாகி, பட்டியல் எழுதுவதும் சாட்சிகள் கையெழுத்திடுவதும் விடுபட்டுப்போவது வழக்கமான பிழை. சட்டம் இரண்டையும் சேர்த்தே பதியச் சொல்கிறது. பதிவை முன்னும் பின்னும் வெட்டாமல் தாமதமின்றி நடுவருக்கு அனுப்ப வேண்டும்.

சி.சி.டி.வி. எதற்கும் காத்திருக்காது. கருவியின் கொள்ளளவு நிரம்பியதும் பழைய காட்சிகள் மேல் புதியவை பதிந்துவிடும். எனவே முதல் நாளே எடுங்கள். எடுக்கும்போது கருவியின் கடிகாரத்துக்கும் உண்மை நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மகஜரில் எழுதுங்கள். ஏழு நிமிட வேறுபாட்டை எழுதாமல் விட்டாலே, குற்றவாளி வேறு இடத்தில் இருந்ததாகக் காட்ட வழி கிடைத்துவிடும். மின்னணுப் பதிவின் நகலைத் தாக்கல் செய்ய பி.எஸ்.ஏ. 63(4)இன் சான்றிதழ் தேவை. அதில் இரண்டு பகுதிகள்: ஏ பகுதியைக் கருவியைப் பொறுப்பில் வைத்திருப்பவரும், பி பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும், ஹாஷ் மதிப்பு (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் அடையாளக் குறியீடு) இரண்டிலும் வர வேண்டும். சான்றிதழ் கட்டாயம் என்பதைப் பழைய 65பி பற்றிய அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

சாட்சியும் ஒப்புதலும்

பிரிவு 180இன் கீழ் எழுதும் வாக்குமூலத்தில் சாட்சியின் கையெழுத்தை வாங்கக் கூடாது. 181 அதைத் தடுக்கிறது. புதிதாக வருபவர்கள் நல்லெண்ணத்தோடு செய்யும் முதல் தவறு இது. இரண்டாவது தவறு, ஐந்து சாட்சிகளுக்கும் ஒரே வாசகம் எழுதுவது. கூண்டில் ஐவரும் தங்கள் சொந்தச் சொற்களில் பேசும்போது ஒவ்வொன்றும் முரண்பாடாகத் தெரியும். முக்கியமான ஒன்றை எழுதாமல் விட்டாலும் அந்த விடுபடலே முரண்பாடாகக் கொள்ளப்படலாம். யார், எங்கே நின்று, எவ்வளவு தூரத்தில், எந்த வெளிச்சத்தில் பார்த்தார் என்பதை ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேளுங்கள். சாட்சியை வரவழைப்பதிலும் எல்லை உண்டு: 15 வயதுக்குட்பட்ட ஆண், 60 வயதைக் கடந்தவர், பெண், மனநலமோ உடல்நலமோ குன்றியவர், கடும் நோயாளி ஆகியோரை நிலையத்துக்கு அழைக்கக் கூடாது, அவர்கள் வசிக்கும் இடத்துக்கு நீங்கள்தான் போக வேண்டும்.

காவல் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியம் ஆகாது. அதில் ஒரு சிறு ஜன்னல்தான் திறந்திருக்கிறது: காவலில் உள்ளவர் சொன்ன தகவலின் விளைவாக ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி மட்டும் ஏற்கப்படும். “கத்தியை ஊர்க் கிணற்றில் போட்டேன், அதைக் கொண்டுதான் குத்தினேன்” என்றால் முதல் பாதி உள்ளே வரும், இரண்டாவது பாதி வராது. ஆங்கிலேயர் ஆட்சியில் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரிவி கவுன்சில் 1946இல் புலுகுரி கோட்டயா வழக்கில் வகுத்த இந்த வரம்பை முழுத் தீர்ப்பாகவே படியுங்கள், சில பக்கங்கள்தான். எல்லோர் கண்ணிலும் படும் திறந்த இடத்திலிருந்து பொருள் எடுத்தாலோ, அது அங்கே இருப்பது காவலருக்கு முன்பே தெரிந்திருந்தாலோ இந்த ஜன்னலும் மூடிவிடும்.

இவ்வளவு வரம்பு ஏன் என்பதை உண்மையாகவே உணர வேண்டும். அடித்து வாங்கிய வார்த்தை நீதிமன்றத்தில் ஒரு காசுக்குப் பெறாது. அதோடு, அடிபட்டவர் நிரபராதியாக இருந்தால் உண்மைக் குற்றவாளி தேடப்படாமலேயே தப்பித்துவிடுகிறார். நார்கோ, பாலிகிராஃப், மூளை வரைவு சோதனைகளைச் சம்மதமின்றி நடத்தக் கூடாது என்று 2010இல் செல்வி எதிர் கர்நாடக மாநிலம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதே தளத்தில் நிற்கிறது.

கைதும் காலக்கெடுவும்

ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது என்பது தானாக வரும் அடுத்த படி அல்ல. ஏன் தேவை என்று எழுத்தில் காரணம் வேண்டும். இல்லையென்றால் 35(3)இன் கீழ் நோட்டீஸ். இதை 2014இல் அர்னேஷ் குமார் வழக்கு அழுத்திச் சொன்னது. மூன்று ஆண்டுக்குக் குறைவான தண்டனைக் குற்றத்தில் 60 வயதைக் கடந்தவரையோ உடல் நலிவுற்றவரையோ கைது செய்ய டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். பெண்ணை, சூரிய அஸ்தமனத்துக்குப் பின்னும் உதயத்துக்கு முன்னும், விதிவிலக்கான நிலையில் நடுவரின் முன் அனுமதி பெற்றுப் பெண் அதிகாரிதான் கைது செய்ய முடியும். கைதுக் குறிப்பு, காரணம் தெரிவித்தல், உறவினருக்குத் தகவல், மருத்துவப் பரிசோதனை, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் ஆஜர்: இந்த ஐந்தையும் விரல் விட்டு எண்ணிப் பழகுங்கள்.

அடுத்தது குற்றப்பத்திரிகைக் கெடு. மரணம், ஆயுள், பத்து ஆண்டோ அதற்கு மேலோ சிறை உள்ள குற்றங்களுக்கு 90 நாள். மற்றவற்றுக்கு 60 நாள். தவறினால் குற்றம்சாட்டப்பட்டவருக்குப் பிணை உரிமையாகிவிடும், குற்றம் எவ்வளவு கொடியதாக இருந்தாலும். எண்ணும் முறையில் பலர் ஒரு நாள் தவறுகிறார்கள். ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. மார்ச் 1 அன்று ரிமாண்ட் என்றால் 60ஆம் நாள் ஏப்ரல் 29. ஏப்ரல் 30 அன்று தாக்கல் செய்ய வரிசையில் நின்றால், அதற்குள் பிணை மனு போடப்பட்டிருக்கலாம். ரசாயனப் பரிசோதனை அறிக்கை வரவில்லை என்று இறுதி நாள் வரை காத்திராமல், மற்ற ஆவணங்களோடு தாக்கல் செய்து, 193(9)இன் கீழ் கூடுதல் விசாரணையில் அறிக்கையைச் சேர்க்கலாம்.

நீதிமன்றத்தில் உட்கார்ந்து படிப்பது

குற்ற வழக்கு விசாரணை திறந்த நீதிமன்றத்தில் நடக்கிறது. பாலியல் வன்கொடுமை, போக்சோ வழக்குகள் தவிர மற்றவற்றில் யார் வேண்டுமானாலும் பின் வரிசையில் உட்காரலாம். கடைசி இரண்டு மாதங்களில் வாரம் ஒரு நாள் மாவட்ட அமர்வு நீதிமன்றத்துக்குப் போங்கள். விசாரணை அதிகாரி சாட்சி சொல்லும் நாளாகப் பார்த்துப் போனால் அதிகப் பயன். கைபேசியை அணைத்துவிட்டுக் குறிப்பெடுங்கள். வழக்கறிஞரின் ஒவ்வொரு கேள்வியும் எந்தத் தாளை நோக்கிப் போகிறது என்று மட்டும் கவனியுங்கள்.

கூடவே ஈ-கோர்ட்ஸ் தளத்திலிருந்து விடுதலைத் தீர்ப்புகள் பத்தை எடுத்துப் படியுங்கள். தண்டனைத் தீர்ப்பை விட இவை அதிகம் கற்றுத்தரும். நேரடிச் சாட்சி இல்லாத வழக்கானால், 1984இல் சரத் பிர்திசந்த் சார்தா வழக்கில் சொன்ன ஐந்து விதிகளை நீதிபதி பொருத்திப் பார்த்திருப்பார்; சூழ்நிலைச் சங்கிலியில் எந்தக் கண்ணி விட்டுப்போனது என்று தேடுங்கள். ஒவ்வொரு தீர்ப்பிலும் நீதிபதி அரசுத் தரப்பை நம்பாமல் போன அந்த ஒரு வாக்கியத்தை அடிக்கோடிட்டு, கூறுகள் எழுதிய நோட்டில் அந்தக் குற்றத்தின் பக்கத்துக்குப் போய், வலப்பக்கத்தில் சிவப்பு மையால் சேர்த்துவிடுங்கள்.